மூச்சை அடக்கி எடுத்த படங்கள்

1885 ஜனவரி 15 அன்று, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிகோ என்ற ஊரில், வில்சன் பென்ட்லி என்ற 19 வயது இளைஞர் ஒற்றைப் பனிப்படிகம் ஒன்றை நுண்ணோக்கி வழியாகப் படம் பிடித்தார். மாடு கறந்து பிழைக்கும் விவசாயக் குடும்பம் அவருடையது. பள்ளி ஆசிரியையாக இருந்த தாய்தான் அவருக்கு முதல் நுண்ணோக்கியைக் கொடுத்தவர். சில ஆண்டுகள் படிகங்களைப் பார்த்துப் பார்த்துக் கையால் வரைந்தார் பென்ட்லி. வரைந்து முடிப்பதற்குள் படிகம் உருகிவிடும். கேமரா வாங்கித் தரும்படி தந்தையிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். நுண்ணோக்கியோடு சேர்த்து அதன் விலை நூறு டாலர். அன்றைக்கு அது ஒரு விவசாயியின் கையைக் கடிக்கும் தொகை. அந்த ஒரே கேமராவை வைத்துக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் வீட்டுக் கொல்லையைவிட்டு அதிகம் நகராமல், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பனிப்படிகங்களை அவர் படமெடுத்தார்.

அவர் வேலை செய்த இடம் கணப்பு வசதியில்லாத ஒரு கொட்டகை. வேண்டுமென்றேதான் அங்கே போய் நின்றார். குளிர்கால நெருக்கப் படம் என்றதும் விறைத்துப்போகும் விரல்களும் நடுங்கும் உடம்பும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. கருப்பு வண்ணம் பூசிய பலகையில் வந்து விழும் படிகத்தின் பக்கமிருந்து பார்த்தால் நிலைமை நேர்மாறானது. அங்கே ஆபத்தாக இருப்பது படம் எடுப்பவரின் உடற்சூடு. இந்தக் கலையின் நுட்பங்களில் பெரும்பாலானவை அந்தச் சூட்டை விலக்கிவைக்கக் கண்டுபிடிக்கப்பட்டவை என்பது என் எண்ணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சும்மா நிற்கிற மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 334 ஜூல் ஆற்றல் தேவை. ஒரு பனிப்படிகத்தின் எடையைத் தாராளமாக ஒரு மில்லிகிராம் என்றே வைத்துக்கொண்டாலும், அதை முழுதாக உருக்க ஒரு ஜூலில் மூன்றில் ஒரு பங்கு போதும். அதைப்போல 300 மடங்கு ஆற்றலை நம் உடல் ஒவ்வொரு நொடியும் நாலாபுறமும் கொட்டிக்கொண்டிருக்கிறது. அதில் மிகச் சிறிய பங்கு படிகத்தின்மேல் பட்டாலே படம் போய்விடும்.

பென்ட்லி தடித்த கையுறை அணிந்து, பலகையின் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு, கொட்டகை வாசலில் நின்று பனியை ஏந்துவார். விழுந்தவற்றில் சிதைந்தவையே அதிகம். அவற்றை ஓர் இறகால் துடைத்துத் தள்ளிவிட்டு மறுபடி நீட்டுவார். நல்லது ஒன்று கண்ணில் பட்டால், துடைப்பக் குச்சியின் நுனியால் அதைத் தொட்டெடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்து, இறகால் மெல்ல அழுத்திப் படுக்கவைப்பார். இத்தனையும் மூச்சை அடக்கிக்கொண்டுதான்.

மூச்சுக்காற்று வெதுவெதுப்பானது என்பதோடு, ஈரம் நிறைந்ததும்கூட. பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரியில் கிடக்கும் படிகத்தின்மேல் அது பட்டால், ஒன்று படிகம் உருகும், அல்லது மூச்சிலுள்ள நீராவி அதன்மேல் புதிய பனித்தூளாய்ப் படிந்து வடிவத்தை மறைத்துவிடும். மூச்சே படாமல் இருந்தாலும் படிகம் அப்படியே இருந்துவிடாது. காற்று சற்று உலர்ந்திருந்தால் பனிக்கட்டி திரவமாகாமலே நேராக ஆவியாகும். கூர்மையான முனைகளிலிருந்து மூலக்கூறுகள் எளிதில் பிரிந்து போகும். தட்டையான பரப்பில் அவை இறுகப் பிணைந்திருக்கும். அதனால் முதலில் மழுங்குவது நட்சத்திரத்தின் நுனிகள்தாம். மேகத்தைவிட்டு வந்து அதிக நேரமான படிகத்தைப் படத்தில் பார்த்தாலே தெரிந்துவிடும். அதன் கிளைகள் உருண்டு திரண்டு, கூரிழந்து இருக்கும். கிடைப்பது சில நிமிடங்கள். வெளிச்சம் குறைந்த நாளில் பென்ட்லியின் ஒளிப்படத் தகடுகளுக்குப் பல நொடிகள் ஒளி காட்ட வேண்டியிருந்தது. ஃபோகஸ் திருகு கைக்கு எட்டாத தூரத்தில் இருந்ததால், கயிறும் சக்கரமும் கட்டிப் பின்னால் நின்றபடியே அதைத் திருப்ப வழி செய்துகொண்டார்.

இறகால் அழுத்திப் படுக்கவைத்ததற்கு ஓர் ஒளியியல் காரணம் உண்டு. பொருளை நெருங்க நெருங்க, படத்தில் தெளிவாக விழும் பகுதியின் ஆழம் மிக வேகமாகச் சுருங்கும். பொருளின் உண்மையான அளவிலேயே பிம்பம் சென்சாரில் விழும் நிலையை எடுத்துக்கொள்வோம். முழுச்சட்டக் கேமராவில் லென்ஸின் துவாரத்தை எஃப் 8-இல் வைத்தால், தெளிவாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்தான். பிம்பத்தை ஐந்து மடங்காக்கி எஃப் 4-இல் எடுத்தால் அது 0.06 மில்லிமீட்டராகிவிடும். அதற்கு முன்னும் பின்னும் இருப்பதெல்லாம் கலங்கிப் போகும். துவாரத்தைச் சிறிதாக்கி ஆழத்தைக் கூட்டலாமே என்றால், அதற்கும் எல்லை இருக்கிறது. நெருக்கப் படத்தில் லென்ஸ் சென்சாரைவிட்டு முன்னால் தள்ளிப் போகிறது. பிம்பம் உண்மை அளவில் விழும்போது, எஃப் 16 என்று குறித்திருக்கும் துவாரம் எஃப் 32 போல வேலை செய்யும். அவ்வளவு சிறிய துவாரத்தில் ஒளி அலைகள் விளிம்பில் வளைந்து விரிவதால் படம் முழுக்கவே மென்மையாகிவிடும்.

வண்டையோ சிலந்தியையோ எடுப்பவர்கள் ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் அடுக்கி ஒன்றாக்குகிறார்கள். பனிப்படிகம் ஒரு விஷயத்தில் நமக்கு அனுகூலமானது. நட்சத்திர வடிவப் படிகம் சில மில்லிமீட்டர் அகலம் இருந்தாலும் அதன் கனம் மிக மிகக் குறைவு. கேமராவின் சென்சாருக்கு இணையாக அதைப் படுக்கவைத்துவிட்டால், முழுப் படிகமும் அந்தக் குறுகிய ஆழத்துக்குள் அடங்கிவிடும். கொஞ்சம் சாய்ந்தால் ஒரு கிளை தெளிவாகவும் எதிர்க்கிளை மங்கலாகவும் இருக்கும். எனவே இந்த வகைப் படத்தில் முதலில் கற்க வேண்டியது லென்ஸைப் பற்றியல்ல, சாய்மானத்தைப் பற்றி.

அடுத்தது ஒளி. பனிப் போர்வை வெள்ளையாகத் தெரிந்தாலும் தனிப் படிகம் கண்ணாடி போன்றது. எண்ணற்ற படிக முகங்களில் ஒளி பட்டுச் சிதறுவதால்தான் குவியல் வெளுப்பாகிறது. ஒற்றைப் படிகத்தின் பின்னாலிருந்து நேராக வெளிச்சம் விழுந்தால் விளிம்புக் கோடுகள் தவிர மற்றதெல்லாம் பின்னணியோடு கலந்துவிடும். பென்ட்லியின் மூலப்படங்களும் அப்படித்தான் இருந்தன. நாம் இன்று பார்த்து வியக்கிற, கரிய வானில் மிதக்கும் வெள்ளை நட்சத்திரங்கள் பிறகு உண்டாக்கப்பட்டவை. மூலத்தகட்டைப் பிரதியெடுத்து, அந்தப் பிரதியில் படிகத்தைச் சுற்றியிருந்த ரசாயனப் பூச்சைக் கூரிய கத்தியால் அவர் சுரண்டி எடுத்தார். ஒரு படத்துக்கு மணிக்கணக்கில் ஆகும்.

இதையே காரணமாக்கி ஜெர்மன் வானிலை அறிஞர் குஸ்டாவ் ஹெல்மன் அவரைக் கடுமையாக விமர்சித்தார். ஹெல்மனுக்காக ரிச்சர்ட் நொய்ஹாஸ் எடுத்த படங்களில் இருந்த படிகங்கள் கோணல்மாணலாக, ஒரு பக்கம் குறைந்து, ஒரு பக்கம் கூடி இருந்தன. பென்ட்லியினுடையவை ஏன் இப்படி அப்பழுக்கின்றி இருக்கின்றன என்பது ஹெல்மனின் கேள்வி. கேள்வியில் நியாயம் இருந்தது. இயற்கையில் விழும் படிகங்களில் ஆறு கிளைகளும் அச்சாக ஒத்திருப்பவை அபூர்வம். பென்ட்லி அழகானவற்றைத் தேடித் தேடி எடுத்தார். ஓர் அறிவியல் பதிவாகப் பார்த்தால் அது ஒருதலைச் சார்பு. ஆனாலும், அந்த அபூர்வங்கள் நிஜமானவை. 1931 நவம்பரில், இயற்பியலாளர் டபிள்யூ. ஜே. ஹம்ஃப்ரீஸின் முன்னுரையோடு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் தொகுக்கப்பட்டு நூலாக வந்தன. அடுத்த மாதம் 23-ஆம் தேதி, பனிப்புயலில் வீட்டுக்கு நடந்து வந்ததைத் தொடர்ந்து கண்ட நிமோனியாவால் பென்ட்லி காலமானார்.

இன்று ஒரு படிகத்தைக் கருப்புப் பின்னணியில் எடுக்கச் சுரண்ட வேண்டியதில்லை. ஒளியைச் சரிவாக, பக்கவாட்டிலிருந்து கொடுத்தால் போதும். பனிக்கட்டியின் ஒளிவிலகல் எண் 1.31, அதன் மேடுபள்ளங்களில் ஒளி வளைந்து கேமராவுக்குள் வரும், பின்னணி இருட்டாகவே நிற்கும். கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் இயற்பியலாளர் கென்னத் லிப்ரெக்ட் இதில் ஒரு படி மேலே போய், வெவ்வேறு திசையிலிருந்து வெவ்வேறு நிற ஒளியைப் பாய்ச்சுகிறார். ஒவ்வொரு சரிவும் தன் கோணத்துக்கேற்ற நிறத்தை வளைத்து அனுப்புவதால், தட்டையாகத் தெரிந்த படிகத்தில் வரப்புகளும் குழிகளும் எழுந்து நிற்கின்றன. அவர் வேலை பார்க்கும் பாசடீனாவில் பனி பெய்யாது. அதனால் பெட்டியில் அடைத்த நுண்ணோக்கிக் கேமராவோடு கனடாவின் வட ஒன்டாரியோவுக்குப் போய்த் தங்குவார். படிகத்தைத் தூக்க அவர் பயன்படுத்துவது சின்ன ஓவியத் தூரிகை.

விளக்கு எது என்பதிலும் சூடு குறுக்கிடுகிறது. பழைய இழை பல்புகளின் ஆற்றலில் பெரும்பங்கு அகச்சிவப்புக் கதிராகத்தான் வெளிவரும், பனிக்கட்டி அதை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். எல்இடி விளக்கின் கதிரில் அகச்சிவப்பு மிகக் குறைவு. அதன் சூடு பின்பக்கம் தேங்குகிறது. ஃபிளாஷ் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகவே எரிவதால் அதுவும் பாதுகாப்பானதே.

பெரிய ஆய்வகமோ விலையுயர்ந்த கருவியோ இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு மாஸ்கோவின் அலெக்ஸி கில்யாடோவ் நல்ல உதாரணம். தன் வீட்டுத் திறந்த பால்கனியில் நின்று, சாதாரண காம்பாக்ட் கேமராவால் அவர் எடுத்த பனிப்படிகப் படங்கள் உலகெங்கும் பார்க்கப்பட்டன. கேமராவின் சொந்த லென்ஸுக்கு முன்னால், சோவியத் காலத்து ஹீலியோஸ் லென்ஸ் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி, இரண்டையும் ஒரு மரப்பலகையில் பொருத்தியிருந்தார். லென்ஸைத் திருப்பிப் போடுவதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. தூரத்துப் பொருளிலிருந்து வரும் ஒளியைப் பக்கத்திலுள்ள பிலிமில் குவிக்க வடிவமைக்கப்பட்டது அது. நெருக்கப் படத்தில் பொருள்தான் பக்கத்தில் இருக்கிறது. லென்ஸையும் திருப்பிவிட்டால், அது எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அதே வேலையை எதிர்த்திசையில் செய்கிறது. கருங்கம்பளித் துணியின் இழைகளில் வந்து சிக்கும் படிகத்தை, மேகமூட்டமான பகலின் வெளிச்சத்திலேயே எடுப்பார். சிறிய சென்சாரில் மணல் தூவியதுபோல வரும் இரைச்சலைக் குறைக்க, ஒரே படிகத்தைத் தொடர்ந்து பல முறை எடுத்துக் கணினியில் சராசரி காண்பார். இரைச்சல் படத்துக்குப் படம் மாறும், படிகம் மாறாது. ஒன்பது படங்களைச் சேர்த்தால் இரைச்சல் மூன்றில் ஒன்றாகக் குறைகிறது. தமிழ்நாட்டில் கல்யாண ஸ்டூடியோக்களின் அலமாரிகளில் தூங்கிக்கொண்டிருக்கும் பழைய பிலிம் கேமரா லென்ஸ்களை இப்படித் திருப்பிப் போட்டு எறும்பையும் மகரந்தத்தையும் எடுக்கலாம். அதற்கான வளையம் குறைந்த விலைக்கே கிடைக்கிறது.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த படம் அழகுக்கு மேலாகவும் சிலவற்றைச் சொல்கிறது. அதைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் ஜப்பானின் உகிசிரோ நகாயா. ஹொக்கைடோ பல்கலைக்கழகத்துக்கு வந்த இந்த இயற்பியலாளர் முதலில் இயற்கைப் பனிப்படிகங்களை ஆயிரக்கணக்கில் படமெடுத்து வகைப்படுத்தினார். பிறகு குளிர்பதன அறையில் தானே படிகம் வளர்க்க முனைந்தார். எந்த நூலில் தொங்கவிட்டாலும் நூல் முழுக்கப் பனி அப்பிக்கொண்டது. கடைசியில் கைகொடுத்தது முயலின் ரோமம். அதில் ஆங்காங்கே மட்டும் பனி கருக்கொண்டது. 1936-இல் உலகின் முதல் செயற்கைப் பனிப்படிகம் அந்த ரோமத்தின்மேல் வளர்ந்தது. வெப்பநிலையையும் ஈரத்தையும் மாற்றி மாற்றி வளர்த்ததில் ஒரு விசித்திரம் தெரியவந்தது. பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே, சுமார் மைனஸ் 2 டிகிரியில் அறுகோணத் தகடுகள் உருவாகின்றன. மைனஸ் 5-இல் தூண்களும் ஊசிகளும். மைனஸ் 15-ஐ நெருங்கும்போது மறுபடி தகடுகள். ஈரம் மிகுந்தால் அங்கேதான் பெரிய, கிளை விரித்த நட்சத்திரங்கள் பிறக்கின்றன. இன்னும் குளிர்ந்தால் தூண்கள் திரும்பவும் தலைகாட்டும். சில டிகிரி வித்தியாசத்தில் தகடு தூணாகி, தூண் தகடாகி ஏன் மாறுகிறது என்பதை லிப்ரெக்ட் போன்றவர்கள் இன்றும் ஆராய்ந்துவருகிறார்கள்.

ஆறு மூலைகள் வருவது நீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோண அமைப்பில் கோத்துக்கொள்வதால். மூலையிலிருந்து கிளை நீள்வதற்குக் காரணம் வேறு. படிகத்தை ஒட்டிய காற்றிலுள்ள நீராவி வளர்ச்சிக்குச் செலவாகிவிடும். மூலைகளோ வெளியே துருத்தி, ஈரம் தீராத காற்றை எட்டுகின்றன. அதனால் அவை வேகமாக வளரும். வளர்ந்ததால் இன்னும் துருத்தும். துருத்தியதால் இன்னும் வளரும். நொடிக்கு அரை மீட்டரைவிடக் குறைந்த வேகத்தில் மிதந்து இறங்கும் படிகம் வழியில் பல காற்றடுக்குகளைக் கடக்கிறது. ஒவ்வோர் அடுக்கின் குளிரும் ஈரமும் ஆறு கிளைகளுக்கும் ஒரே நேரத்தில் வாய்ப்பதால் ஆறும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளைந்து கிளைக்கின்றன. இரு முனையிலும் தகடு மூடிய தூண் ஒன்று உங்கள் படத்தில் சிக்கினால், அது மைனஸ் 5 டிகிரி அளவிலான காற்றில் தூணாக வளர்ந்து, பிறகு தகடுகள் வளரும் வேறொரு குளிருக்குள் போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம். விமானமோ பலூனோ அனுப்பாமல் மேகத்தின் உள்நிலவரத்தைக் கொல்லையில் நின்றபடி அறியலாம் என்பதே எனக்கு இந்தப் படங்களில் மிகப் பெரிய ஈர்ப்பு.

பனிப்பொழிவு இல்லாமல் குளிர் மட்டும் இருக்கும் நாளில் மேலைநாட்டவர் பலரும் கொல்லையில் எடுப்பது உறையும் சோப்புக் குமிழியை. மைனஸ் 10 டிகிரி அளவுக்குக் குளிர்ந்த, காற்றசையாத காலையில் குமிழியை ஊதிப் பனிமேல் உட்காரவைத்தால், அடியிலிருந்து இறகு இறகாகப் பனிக்கட்டி ஏறும். சில சமயம் படிகத் துணுக்குகள் அடியிலிருந்து பிய்த்துக்கொண்டு குமிழி முழுக்கச் சுழலும். இதன் காரணத்தை அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் 2019-இல் விளக்கினார்கள். நீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. உறையும் விளிம்பை ஒட்டிய படலம் அதனால் சற்று வெதுவெதுப்பாகி, அங்கே பரப்பு இழுவிசை குறைகிறது. மேலே குளிர்ந்திருக்கும் பகுதி வலுவாக இழுக்க, திரவம் அடியிலிருந்து மேல்நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டம் புதிதாய் முளைத்த படிகங்களைக் கிள்ளிக்கொண்டு போய் எங்கும் விதைக்கிறது.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. கேமராவைப் படமெடுப்பதற்கு முன்பே வெளியே வைத்துக் குளிரப் பழக்க வேண்டும். வெதுவெதுப்பான லென்ஸில் விழும் பனி உடனே நீராகிவிடும். குளிரில் லித்தியம் பேட்டரியின் வேதிவினை மந்தமாவதால் அது சீக்கிரம் ஓய்ந்துபோகும். மாற்றுப் பேட்டரியைச் சட்டையின் உள்பைக்குள் வைத்துக்கொள்ளலாம். நம் உடற்சூடு பயன்படுகிற ஒரே இடம் அதுதான். வீட்டுக்குள் திரும்பும்போது, வெளியிலேயே கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவிட வேண்டும். ஏசி அறையிலிருந்து சென்னைப் புழுக்கத்துக்குள் கேமராவைக் கொண்டுவந்தவர்களுக்கு லென்ஸில் ஈரம் படிவது புதிதல்ல. இங்கே நடப்பதும் அதுவே.

தமிழ்நாட்டில் பனிப்படிகம் விழாது. ஆனால் நீலகிரியில் உறைபனி விழுகிறது. மார்கழி, தை மாதங்களில் உதகை, தலைகுந்தா, அவலாஞ்சிப் பகுதிகளின் புல்வெளிகள் விடியலில் வெளுத்துக் கிடக்கும். தெளிந்த இரவில் புல் தன் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிர்வீசி இழக்கிறது. அதனால் சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி குளிர்ந்துபோகிறது. வெப்பமானி 2 அல்லது 3 டிகிரி காட்டும் காலையிலும் புல்நுனியில் பனிக்கட்டி இருப்பது அதனால்தான். இந்தக் கதிர்வீச்சு விளக்கத்தை 1814-இல் எழுதிவைத்தவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர். லண்டனை அடுத்த சர்ரேயில் ஒரு தோட்டத்தில், உயர்த்திக் கட்டிய பலகையின் மேலும் கீழும் கம்பளித் துணுக்குகளை இரவு முழுக்க வைத்து எடைபோட்டார். வானத்தைப் பார்த்துக் கிடந்த மேற்பக்கக் கம்பளியே அதிக ஈரம் ஏற்றிருந்தது. உதகை தாவரவியல் பூங்காவில் குளிர்காலத்தில் மலர் நாற்றுகளைக் காய்ந்த செடிகளால் மூடிவைப்பது வானத்தின் பார்வையிலிருந்து அவற்றை மறைக்கத்தான்.

எனவே உறைபனியைப் படமெடுக்கப் போகிறவர்கள் மரத்தடியைத் தவிர்த்து, தலைக்குமேல் வெட்டவெளியாக உள்ள தாழ்வான புல்வெளியைத் தேட வேண்டும். குளிர்ந்த காற்று கனமானதால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில்தான் தேங்கும். இலையை நெருங்கிப் பாருங்கள்: நடுப்பகுதியைவிட விளிம்பிலும் பூனைமயிர்களிலும் ஊசிகள் நீண்டிருக்கும். பனிப்படிகத்தின் மூலையைப் போலவே, ஈரமுள்ள காற்றுக்குள் துருத்திக்கொண்டிருக்கும் இடங்கள் அவை. இந்த ஊசிகளை எடுக்க முக்காலியைத் தரையோடு தாழ்த்தி, லென்ஸின் அச்சை இலைக்குச் செங்குத்தாக வைத்து, சூரியன் வரும் திசைக்கு எதிரே நின்று எடுக்கலாம். வெயில் பட்டதும் முதலில் ஊசிகளின் நுனி உருண்டு நீர்த்துளியாகும். கிழக்கில் மேடோ மரவரிசையோ மறைத்துள்ள இடங்களில் வெயில் தாமதமாக இறங்குவதால், அங்கே உறைபனி அதிக நேரம் தங்கும். அந்த இடங்களை முந்தைய நாள் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.